மாடி வீட்டுக் கூழ்

எங்களிடம் ஒரு கட்டில் இருந்தது. அதில் யாரும் படுத்ததே இல்லை. வாடகை வீடு மாறும்போதெல்லாம் அதையும் வண்டியில் ஏற்றுவோம், இறக்குவோம், இரண்டாவது அறையில் போட்டு விரிப்பை விரித்து, தலையணையைக் கொஞ்சம் கசக்கி வைப்போம். வீட்டுக்காரர் மோட்டார் பார்க்க வந்தாலும் சரி, சிலிண்டர் போடுகிறவர் எட்டிப் பார்த்தாலும் சரி, இங்கே இரண்டு ஆண்கள் தனித்தனி அறையில் படுக்கிறார்கள் என்று அந்தக் கட்டில் சொல்லியாக வேண்டும். சாட்சிக் கட்டில் என்று அதற்குப் பெயர் வைத்தவன் அவன்.

அவனும் நானும் ஒன்றாக வாழத் தொடங்கிப் பல வருஷமாகிறது. புருஷன் பெண்டாட்டி என்று சொல்லலாமென்றால் பெண்டாட்டி என்று யாரும் இல்லை. நண்பர்கள் என்றால் பச்சைப் பொய். அதனால் இடத்துக்குத் தகுந்தபடி எதையாவது சொல்லிக் காலம் தள்ளினோம். எனக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தும் போகாது என்பது அவனுடைய நெடுநாள் புகார். அவன் புதுவாயலில் ஒரு லாரி ஆபீசில் கணக்குப் பார்க்கிறான். திருவொற்றியூரிலிருந்து ஒரே ரயிலில் கிளம்புவோம். அவன் கவரைப்பேட்டையில் இறங்கிக்கொள்வான், நான் கடைசி வரை போவேன்.

திருவொற்றியூர் வீட்டுக்காரர் ஒருநாள், "தங்கச்சி பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும்," என்றார். அவருக்குத் தங்கையே கிடையாது என்பது தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டு அம்மா எதையோ பார்த்திருக்கிறார், எதையோ சொல்லியிருக்கிறார். சட்டம் மாறி எத்தனையோ நாளாகிவிட்டது, ஆனால் சட்டமா வீடு வாடகைக்கு விடுகிறது? எனக்கு வந்த கோபத்தில், கல்யாணப் பத்திரிகை வைக்க மறந்துவிடாதீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

வேலைக்குப் பக்கத்திலேயே போய்விடலாமே என்றேன். அவனுக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. அவனுடைய சொந்த ஊர் பெரியபாளையத்துக்குப் பக்கம். நெல் வயல், பம்புசெட், சொந்தக் களம் என்று வசதியான குடும்பம். பெண் பார்க்கத் தொடங்கியபோது அவன் விஷயத்தைச் சொல்லிவிட்டான். அன்றைக்கு அவனுடைய அண்ணன், "இனிமே இந்தப் பக்கம் உன் மூஞ்சிய காட்டாத," என்று சொன்னதோடு சரி. இப்போது நான் கேட்பது அந்தப் பக்கத்துக்கே குடிபோகலாமா என்று. அவன் பயந்ததில் தப்பே இல்லை. ஆனாலும் தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு போய்வருவதும், ஊரில் இல்லாத கல்யாணங்களுக்காக வீடு காலி செய்வதும் எங்கள் இருவருக்கும் அலுத்துவிட்டது. எங்காவது ஓரிடத்தில், யாரும் துரத்தாமல், நாலு பேரோடு பேசிப் பழகிக் கிடந்தால் போதும் என்றிருந்தது. வேறு எதற்கும் நாங்கள் ஆசைப்படவில்லை.

மீஞ்சூரில் பார்த்த முதல் புரோக்கர் எடுத்தவுடன் கேட்டார்: "ஃபேமிலியா, பேச்சுலரா?" அந்தப் பக்கம் முழுக்கவே அந்த இரண்டுதான். ஃபேமிலி என்றால், "ஊட்டுக்காரம்மா எப்ப வருவாங்க?" என்பார்கள். பேச்சுலர் என்றால் வேறு கதை. புதுவாயலில் ஒரு வரிசை வீட்டைக் காட்டினார்கள். ஒருவர் டூட்டிக்குப் போனதும் அவர் பாயிலேயே அடுத்த ஷிப்டுக்காரர் வந்து படுக்கிறார். "இங்க யார் பக்கத்துல யார் படுக்கறாங்கன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். நமக்கு ஏத்த ஊடு," என்றான் அவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு வீட்டில், ஊரிலிருந்து அம்மா வருவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ அம்மா வரட்டும், அவங்க கையிலயே சாவி குடுக்கறேன்," என்றார் அந்த வீட்டுக்காரர். என் அம்மா விருதுநகர்ப் பக்கத்தில் இருக்கிறார். அவர் வந்து சாவி வாங்கும் நாள் வந்தால் மழை கொட்டும்.

கடைசியில் புரோக்கர் தயங்கித் தயங்கி, "கும்மிடிப்பூண்டிக்கு உள்ளாற ஒரு மாடி ஊடு கீது சார். நல்ல ஊடு. ஆனா அந்தப் பக்கம் உங்களுக்கு சரிப்பட்டு வருமான்னு..." என்று இழுத்தார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். எனக்குப் புரிவதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு காலத்தில் வயல் வேலைக்குப் போய், இப்போது கம்பெனி வேலைக்குப் போகிற குடும்பங்கள் இருக்கும் பகுதி அது. அவன் அப்பாவின் வயலில் நாற்று நட்டவர்கள் இப்படிப்பட்ட தெருவிலிருந்துதான் வந்தார்கள். "போய்ப் பாக்கலாம்," என்று அவன் வெடுக்கென்று சொன்னான். புரோக்கர் மேல் வந்த கோபமா, தன் வீட்டார் மேல் வந்த கோபமா, தெரியவில்லை.

வீட்டுக்கார அக்கா ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறவர். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். அவர் கணவருக்கு இரும்பு உருக்குகிற ஆலையில் ஷிப்டு வேலை. நான் அந்த மனிதரை அதிகமும் தூங்கும்போதுதான் பார்த்திருக்கிறேன். பகலில் வாசல் தரையில் ஒரு துண்டை விரித்து, லாரி போனாலும் எழாமல் தூங்குவார். அக்கா எங்களை உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். அவன் கடகடவென்று குடித்தான். நாக்கு சுட்டிருக்கும். அவன் வீட்டில் யாரும் இப்படி ஒரு வாசலில் உட்கார்ந்து டீ குடித்ததில்லை என்று பிறகு சொன்னான்.

"ரெண்டு பேரும் இன்னா ஒறவு?" என்று அக்கா கேட்டார்.

"பெரியம்மா பசங்க," என்றேன் நான். "ஃப்ரெண்ட்ஸ்," என்றான் அவன், அதே நேரத்தில். ரயிலில் வரும்போதே பேசி வைத்த பொய்யை அவன் மறந்துவிட்டான்.

"பெரியம்மா பையன்தான். ஃப்ரெண்டு மாதிரி," என்று நான் ஒட்டுப் போட்டேன். எங்கள் கம்பெனியில் இப்படி ஒட்டுப் போட்ட சாமான் வந்தால் நானே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஆடி பொறக்கப் போவுது. அதுக்கு முன்னால வந்து பால் காய்ச்சிடுங்க. மோட்டார் காலைல மட்டும்தான் போடுவேன்," என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. இவ்வளவு சுலபமாக ஒரு வீடு கிடைத்தால் அதில் ஏதோ குறை இருக்க வேண்டும் என்று கீழே இறங்கும்போது சுவரையெல்லாம் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

குடிவந்த அன்று சாட்சிக் கட்டில் மாடிப்படி வளைவில் சிக்கிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். தெருவே அவரைப் பஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடும். வீட்டு நிலைக்கு மேலே சிலுவை வைத்த வீடு. அவர் யாரும் கூப்பிடாமல் வந்தார், கயிறு கொண்டுவந்தார், கட்டிலை வெளிப்பக்கமாகக் கட்டி மாடிக்குத் தூக்கினார். அதில் அவர் விரல் நசுங்கி ரத்தம் வந்துவிட்டது. "யாருது இந்த கட்டிலு?" என்று விரலை உதறிக்கொண்டே கேட்டார். இந்த முறை அவன் மறக்காமல் என்னைக் கைகாட்டினான். ஒரு பொய்யை மாடி ஏற்றுவதற்கு ஒரு நல்ல மனிதர் ரத்தம் சிந்தியது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் விரிப்பை விரித்துத் தலையணையைக் கசக்கி வைக்க நான் மறக்கவில்லை.

கொஞ்ச நாள் நன்றாகப் போனது. அக்கா வேலை முடிந்து வரும்போது கீரை வாங்கி வருவார், எங்களுக்கும் ஒரு கட்டு. பஸ் அண்ணன் வண்டி எடுக்கும்போது என்னையும் தொழிற்பேட்டை வாசலில் இறக்கிவிடுவார். அவன் கீழே போய் அக்காவின் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, தட்டில் போட்டதைச் சாப்பிட்டுக் கதை பேசிவிட்டு வருவான். அவனுக்குத் தன் ஊர்ப் பேச்சு திரும்ப வந்துவிட்டது. "இன்னாக்கா, நாஷ்டா ஆச்சா?" என்று அவன் படியிறங்கிக்கொண்டே கேட்பதை மாடியிலிருந்து கேட்பேன். அவனுக்கு ஒரு இடம் பிடித்துப்போய்விட்டது என்று தெரிந்தது. எனக்கு அதனாலேயே பயம் கூடிவிட்டது.

பயந்தபடியே நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழே ஒரு பைக் வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தவன் சட்டென்று பின்வாங்கினான். "எங்க ஊர்க்காரன். அண்ணனோட ஆளு. போன வாரம் புதுவாயல் கடையில என்னைப் பாத்தான்," என்றான். அந்த ஆள் பைக்கை விட்டு இறங்காமல் அக்காவோடு ரொம்ப நேரம் பேசினான். ஒரு தடவை மாடியைக் கைகாட்டினான். அக்கா உள்ளே போய் ஒரு டம்ளரோடு வந்தார். பிறகு பைக் கிளம்பிவிட்டது. டம்ளர் அக்காவின் கையிலேயே இருந்தது. அதை நான் பார்த்தேன், ஆனால் அப்போது அதைப் பற்றி யோசிக்கும் நிலையில் இல்லை.

அக்கா தலையைத் தூக்கி, "சாயந்திரம் மேல வரேன். ஒரு விசயம் பேசணும்," என்றார்.

அன்றைய பகல் எங்களுக்கு நகரவே இல்லை. நான் புரோக்கர் நம்பரைத் தேடினேன். அவன் கொடியில் காய்ந்த துணியெல்லாம் எடுத்து வந்து சாட்சிக் கட்டிலில் குவித்து மடிக்கத் தொடங்கினான். "இந்த ஊட்ட விட்டுப் போவணும்னா கஷ்டமா கீது," என்றான். இத்தனை வீடு மாறியதில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அக்கா மேலேயே எரிச்சல் வந்தது. இத்தனை நாள் கீரை கொடுத்து ஏன் பழக வேண்டும், பிறகு ஏன் துரத்த வேண்டும்?

அக்கா வந்தார். நேரே அந்த அறைக்குப் போய், துணிக் குவியலை ஓரமாகத் தள்ளிவிட்டு, சாட்சிக் கட்டிலில் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.

"வர ஞாயித்துக்கெழம அம்மனுக்கு கூழ் ஊத்தறோம். உங்களுக்கு எங்க தெரு வழக்கம் தெரியாதுல்ல, அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார். "ரூம் எடுத்துத் தங்குற கம்பெனி பசங்க சொம்பு எடுத்துனு வருவானுங்க, கூழ் வாங்கிக் குடிச்சிட்டுப் போவானுங்க. குடித்தனக்காரங்க அப்படி வரக் கூடாது. ஊட்ல கூழ் காய்ச்சி, குண்டான்ல எடுத்துனு வந்து அண்டால ஊத்தணும். நீங்க குண்டான் எடுத்துனு வாங்க."

"அவ்வளவுதானாக்கா?" என்றேன்.

"வேற இன்னா?" என்றபடி எழுந்தார். வாசலில் நின்று திரும்பி, "கட்டிலு புதுசாவே கீதே. ஒரு கீறல் கூட இல்ல," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் இதையே பேசி மண்டை காய்ந்தோம். பைக்கில் வந்தவன் சொன்னானா, சொல்லவில்லையா? சொல்லியிருந்தால் எதற்குக் கூழுக்குக் கூப்பிடுகிறார்? சொல்லவில்லையென்றால் அவ்வளவு நேரம் என்ன பேசினான்? கடைசியில் நான் ஒரு முடிவு செய்தேன். பெரியம்மா பசங்க என்று சொல்லியாகிவிட்டது, அதை மாற்ற வேண்டாம். ஆளுக்கு ஒரு குண்டான் கொண்டுபோகலாம். இரண்டு கட்டில் மாதிரி இரண்டு குண்டான். பல வருஷப் பழக்கம், புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

எங்கள் பக்கம் அம்மனுக்குப் பொங்கல் வைத்துத்தான் எனக்குப் பழக்கம், கூழெல்லாம் அவன்தான். கேழ்வரகு மாவை முன்கூட்டியே கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யை வேகவிட்டு, மாவை ஊற்றிக் கிளறினான். நான் கிளறிய இடத்தில் மட்டும் கட்டி தட்டியது. "குறை கண்டுபிடிக்கத்தான் உனக்குத் தெரியும், குறையில்லாம செய்யத் தெரியாது," என்றான். ஒரே அடுப்பில் ஒரே பாத்திரத்தில் காய்ச்சிய கூழை இரண்டு குண்டானில் பாதிப் பாதியாக ஊற்றி, இரண்டுக்கும் மஞ்சள் தடவி வேப்பிலை கட்டினோம். அதில் இருக்கும் கூத்து அந்த நேரத்தில் எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

கோயில் சின்னதுதான். கம்பெனி மதில் சுவரை ஒட்டி ஒரு பந்தல், அதற்கடியில் இரண்டு பெரிய அண்டா. அக்கா நீளத் துடுப்பு ஒன்றை வைத்துக் கூழைத் துழாவிக்கொண்டிருந்தார். அவர் கணவர் அன்றைக்கு விழித்திருந்தார், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பஸ் அண்ணன் வீட்டிலிருந்து கூழ் வராது, ஆனால் பந்தல் போட்டதும் அண்டா தூக்கியதும் அவர்தான். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்ட இந்தத் தெரு போகும், இதற்கு அவர் வருவார். ஒரு பக்கம் கம்பெனிப் பையன்கள் சொம்போடு வரிசையில் நின்றார்கள். மறுபக்கம் குடித்தனக்காரர்கள் தலையில் குண்டானோடு வந்தார்கள். கோயில் வேலையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு வீடாகச் சொன்னார். "டைலர் ஊடு வந்தாச்சு. தண்ணி டேங்க் ஊடு வந்தாச்சு." யார் பெயரும் சொல்வதில்லை, வீடுதான் கணக்கு.

நாங்கள் இருவரும் ஆளுக்கொரு குண்டானோடு போய் நின்றோம். பெரியவர் எங்களைப் பார்த்தார், குண்டான்களைப் பார்த்தார். மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"இன்னா நைனா, ரெண்டு குண்டான்? மாடில ரெண்டு குடும்பமா?"

ஒலிபெருக்கி அதைத் தெரு முழுக்கச் சொன்னது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கூழ் தளும்பி என் விரலில் வழிந்தது. "இல்லைங்க, இவன் வந்து என் பெரியம்மா..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா துடுப்பை நிறுத்தவில்லை. "ஊட்டுக்கு ஒரு குண்டான்தான். அது ஒரே ஊடு," என்றார்.

பெரியவர் மைக்கைத் தாழ்த்தினார். அக்காவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். 

"அப்ப சரி," என்றார். பிறகு மைக்கில், "மாடி ஊடு வந்தாச்சு," என்று சொல்லிவிட்டு எங்களுக்குப் பின்னால் நின்ற அம்மாவிடம், "நவுந்து வாம்மா," என்றார்.

அவ்வளவுதான். எத்தனை ராத்திரி நாங்கள் விழித்திருந்து பயந்த விஷயம், "அப்ப சரி" என்று முடிந்துபோனது. அவனுடைய குண்டானைக் கீழே வைத்துவிட்டு, என்னுடையதை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அண்டாவில் ஊற்றினோம். என் கட்டிகளும் சேர்ந்தே விழுந்தன. அவன் அழுதுகொண்டிருந்தான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்காவின் கணவர் நிமிர்ந்து பார்த்து, இந்தப் பக்கம் காற்றடிக்குது, தள்ளி நில்லுப்பா என்றார். வெங்காயம் என்றே நினைத்தாரோ, இல்லை நினைத்ததாகக் காட்டிக்கொண்டாரோ, எனக்குத் தெரியாது. எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பஸ் அண்ணன் அண்டாவுக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தார். நசுங்கின விரலைத் தூக்கிக் காட்டினார். நகம் இன்னும் கறுத்திருந்தது.

"அப்போ அந்தக் கட்டில நான் சொம்மாவா தூக்குனேன்?" என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை.

கூழ் ஊற்றி முடிந்து பாத்திரம் கழுவும்போது அவன் அக்காவிடம் நேராகவே கேட்டான். அன்றைக்குப் பைக்கில் வந்தவன் என்ன சொன்னான் என்று.

"எல்லாத்தியும்தான் சொன்னான். உங்க அண்ணன் பேரு, உங்க நெலம், நீ இன்னா பண்ண, எல்லாம்," என்றார் அக்கா, அண்டாவைத் தேய்த்துக்கொண்டே. "கேட்டுக்கினேன். வெயில்ல வந்தானேன்னு ஒரு டீ போட்டுக் குடுத்தேன். வாணாம்னுட்டான். எங்க ஊட்டு டீ கூட குடிக்காதவன், எங்க ஊட்ல யார வெக்கணும்னு சொல்றான். நீ வந்த அன்னிக்கே நாக்கு வெந்து போவ குடிச்ச."

 அக்காவின் கையிலிருந்து தேங்காய் நாரை வாங்கி மீதி அண்டாவை அவனே தேய்த்தான்.

எல்லாரும் எங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். டைலர் வீட்டம்மா இன்றைக்கும் எங்களைப் பார்த்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்க்கிறார். அவன் அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. பெரியபாளையம் போகும் பஸ்ஸைப் பார்த்தால் அவன் முகம் இன்னும் வாடத்தான் செய்கிறது. ஆனால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று படியில் கேட்கும் காலடிச் சத்தத்துக்கெல்லாம் பயப்படுவதை நான் விட்டுவிட்டேன். சுவரைத் தட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

கூழ் ஊற்றிய மறுநாள் மாலை பஸ் அண்ணன் அதே கயிற்றோடு வந்தார். தூக்கியவரே இறக்கினார், இந்த முறை விரலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு. கட்டில் இப்போது கீழே அக்காவின் வாசலில் கிடக்கிறது. அவர் கணவர் ஷிப்டு முடிந்து வந்து பகலெல்லாம் அதில்தான் கிடந்து தூங்குகிறார், லாரி போனாலும் எழுவதில்லை.